கிடப்பில் இருந்த மசோதாக்கள் எத்தனை? ஆளுநரைப் பற்றிய கூற்றுகளைச் சரிபார்த்தல்

ஆர்.என். ரவி 2021 செப்டம்பர் 18 அன்று தமிழ்நாட்டின் ஆளுநராகப் பதவியேற்றார். அவரைப் பற்றி மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதன்பின் சொல்லப்பட்டவற்றில் முழுப் பொய்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. அதிகமாகக் கண்ணில் பட்டவை, உண்மையாகவே நடந்த இரண்டு மூன்று நிகழ்வுகளின் ஆண்டுகளையும் காரணங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து, யாரோ ஒருவருக்கு வசதியான ஒரே வாக்கியமாக ஆக்கியவை. இவற்றைச் சரிபார்ப்பது முழுப் பொய்யைச் சரிபார்ப்பதைவிடக் கடினம். கேட்பவரின் நினைவில் நிகழ்வின் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பகுதி உண்மை என்பதால் மற்றதையும் அவர் நம்பிவிடுகிறார்.

மசோதாக்களை மாதக்கணக்கில் வைத்திருந்த விஷயத்தில் ஆளுநர் தவறு செய்தார் என்பதே என் கருத்து. அதை மறைத்துக்கொண்டு எழுத விரும்பவில்லை. ஆயினும் அந்தத் தவற்றைச் சொல்வதற்காகப் பரப்பப்படும் வாக்கியம் ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். குற்றச்சாட்டு உறுதியாக இருக்கும்போது அதனோடு ஒட்டவைக்கப்படும் பிழையான விவரம், எதிர்த்தரப்பு பிடித்து இழுக்கும் முதல் இழையாகிவிடுகிறது.

மிகப் பரவலான கூற்றிலிருந்து தொடங்குகிறேன். “திமுக அரசு நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் ரவி நான்கு ஆண்டுகள் கிடப்பில் போட்டார், உச்ச நீதிமன்றம் அவற்றைச் சட்டமாக்கியது.” இதில் சரியான பகுதியும் உண்டு, தவறான பகுதியும் உண்டு. 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே சட்டப்பேரவை நிறைவேற்றி அனுப்பிய 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் இருந்தன. தமிழ்நாடு அரசு 2023 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நவம்பர் 10 அன்று நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மூன்றே நாள்களில், நவம்பர் 13 அன்று, 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாகக் கூறி ஆளுநர் திருப்பி அனுப்பினார். மற்ற இரண்டைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டு அந்த 10 மசோதாக்களும் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றப்பட்டன. இந்த முறை ஆளுநர் பத்தையும் நவம்பர் 28 அன்று குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார்.

இப்போது அந்தப் பத்தையும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு 2020இல் நிறைவேறியவை, ஆறு 2022இல், இரண்டு 2023இல். 2020இன் இரண்டும் மீன்வளப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சட்டங்களைத் திருத்துபவை. அவற்றை நிறைவேற்றியது எடப்பாடி கே. பழனிசாமி தலைமையிலான அதிமுக அரசு. அப்போது ஆளுநராக இருந்தவர் பன்வாரிலால் புரோஹித். ஆக, “நான்கு ஆண்டுகள்” என்ற கணக்கு இந்த இரண்டுக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். அதிலும் முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட தாமதம் ரவிக்கு உரியதன்று. மீதி எட்டும் அவர் காலத்தில் நிறைவேறியவை. அவற்றின் தாமதம் சில மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரை வேறுபடுகிறது.

இந்தத் திருத்தம் ஆளுநரைக் காப்பாற்றுகிறதா என்றால், இல்லை. அவருக்கு எதிரான வாதம் இதனால் வலுப்படுகிறது என்றே சொல்வேன். இரு வேறு கட்சிகளின் அரசுகள் நிறைவேற்றிய மசோதாக்கள், இரு வேறு ஆளுநர்களின் காலத்தில், பதிலே இல்லாமல் கிடந்தன என்பது ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தைவிடப் பெரிய பிரச்சினையைக் காட்டுகிறது. ஆனால் அந்த வாதத்தை வைக்க வேண்டுமானால், பத்தையும் ஒரே கட்சியின் கணக்கில் எழுதும் வாக்கியத்தை முதலில் கைவிட வேண்டும்.

“உச்ச நீதிமன்றம் சட்டமாக்கியது” என்ற பகுதி சரியானதே. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு 2025 ஏப்ரல் 8 அன்று, இரண்டாவது முறை நிறைவேறிய மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது சட்டப்படி தவறு என்று கூறி, முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அந்தப் பத்தும் ஆளுநரிடம் மறுபடி வைக்கப்பட்ட நாளிலேயே ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே குடியரசுத் தலைவர் அந்தப் பத்தில் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, ஏழு மசோதாக்களை நிராகரித்து, இரண்டின் மீது முடிவெடுக்காமல் இருந்தார் என்ற செய்தி பல பதிவுகளில் விடுபட்டுவிட்டது. ஏப்ரல் 11ஆம் தேதியிட்ட அரசிதழில் பத்துச் சட்டங்களும் வெளியாயின. ஆளுநரின் கையெழுத்து இன்றி நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் அவை சட்டமாயின. பிறகு மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏப்ரல் கொண்டாட்டத்தை மட்டும் பகிர்ந்தவர்கள் மே மாதத் தடையைப் பகிரவில்லை. தடையைப் பகிர்ந்தவர்கள் தீர்ப்பே செல்லாது என்பதுபோல் எழுதினார்கள். தடை விதிக்கப்பட்டது குறிப்பிட்ட பிரிவுகளுக்குத்தான்.

அந்த ஏப்ரல் மாதத்தில்தான் இன்னொரு பெரிய குழப்பமும் பிறந்தது. “தீர்ப்பினால் நீட் விலக்கும் சட்டமாகிவிட்டது” என்று பலர் நம்பினார்கள். என் உறவினர்களிலும் மருத்துவக் கல்விக்குத் தயாராகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைத்தான் முதலில் கேட்டார்கள். நீட் விலக்கு மசோதா அந்தப் பத்தில் இல்லை. அது 2021 செப்டம்பர் 13 அன்று, ரவி பதவியேற்பதற்கு ஐந்து நாள்கள் முன்பு, பேரவையில் நிறைவேறியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அது குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்ட செய்தி வெளிவந்தது. மசோதா நிராகரிக்கப்பட்டதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் அறிவித்தார். நான்கு நாள்கள் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒரே வாரத்தில் வந்த இரண்டு செய்திகள் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன. இதை யாரும் திட்டமிட்டுப் பரப்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால்தான் இது எனக்குக் கவலையளித்தது.

நீட் மசோதாவைப் பொறுத்தவரை “அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதே ஆளுநர் செய்த சதி” என்ற கூற்றும் நிற்காது. ஒன்றியமும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் ஒன்று அந்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால், 254ஆவது பிரிவின்படி அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. எனவே அது தில்லிக்குப் போயே ஆக வேண்டிய மசோதா. கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு: போயே ஆக வேண்டிய ஒன்றை, முதலில் ஏறத்தாழ நான்கரை மாதம் ஆளுநர் மாளிகையில் வைத்திருந்து, பேரவைக்கே திருப்பி அனுப்பியது ஏன்? இந்தக் கேள்விக்குத் தேதிகளே போதும்; சதி என்ற சொல் தேவைப்படாது.

இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பற்றிய கூற்றுகள் இரு திசைகளிலும் பிழையானவை. “ஆளுநர் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை” என்று ஒரு பக்கம். “அவர் உடனே கையெழுத்திட்டார், தாமதமே இல்லை” என்று மறுபக்கம். 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டத்துக்கு அவர் ஒப்புதல் கொடுத்தது உண்மை. இரண்டாவது தரப்பு சுட்டிக்காட்டுவது இதைத்தான். அதே பொருளில் அக்டோபர் 19 அன்று நிறைவேறிய மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச் தொடக்கத்தில், இந்தப் பொருளில் சட்டமியற்றப் பேரவைக்கு அதிகாரம் இல்லை என்று கூறி மசோதா திருப்பி அனுப்பப்பட்டது. மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேறியது. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் வந்த அந்த நாளில்தான், மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநர்களுக்குக் காலவரம்பு விதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசையும் குடியரசுத் தலைவரையும் வலியுறுத்தும் தீர்மானத்தைப் பேரவை நிறைவேற்றியது. அவசரச் சட்டம், மசோதா, திருத்தமின்றி மறுபடி நிறைவேறிய மசோதா ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் மூன்று தனி ஆவணங்கள். இவற்றில் எதைக் குறித்துப் பேசுகிறோம் என்று சொல்லாத வாக்கியத்தை உண்மை என்றும் பொய் என்றும் தீர்ப்பளிக்க முடியாது; முதலில் அதைப் பிரித்து எழுத வேண்டும்.

பேரவையில் ஆளுநர் உரை நாளன்று நடந்தவைதான் அதிகமாகக் கலக்கப்படுகின்றன. “தேசிய கீதம் இசைக்கப்படாததால் ஆளுநர் ஒவ்வோர் ஆண்டும் வெளிநடப்புச் செய்தார்” என்பது ஒரு தரப்பின் வாக்கியம். “ஆளுநர் ஒவ்வோர் ஆண்டும் தேசிய கீதத்தை அவமதித்து வெளியேறினார்” என்பது மற்றத் தரப்பின் வாக்கியம். ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

2023 ஜனவரி 9: ஆளுநர் உரையை வாசித்தார். பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்ற பகுதியையும் திராவிட மாடல் குறித்த பகுதியையும் வாசிக்காமல் விட்டார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் தீர்மானம் கொண்டுவந்தபோது ஆளுநர் எழுந்து வெளியேறினார். அப்போது நிறைவில் இசைக்கப்படும் தேசிய கீதம் இசைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த ஆண்டின் வெளியேற்றத்துக்குத் தேசிய கீதத்தைக் காரணமாகச் சொல்வது தவறு.

2024 பிப்ரவரி 12: உரையை அவர் வாசிக்கவில்லை. தொடக்கத்திலும் நிறைவிலும் தேசிய கீதம் இசைக்கப்பட வேண்டும் என்ற தம் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றும், உரையின் பல பகுதிகளோடு தமக்கு உடன்பாடு இல்லை என்றும் கூறிச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். ஆனால் அவர் உடனே வெளியேறவில்லை. பேரவைத் தலைவர் மு. அப்பாவு தமிழ் உரையை வாசித்து முடிக்கும்வரை இருக்கையில் இருந்தார். அதன்பின் சாவர்க்கர், கோட்சே ஆகியோரைக் குறிப்பிட்டுப் பேரவைத் தலைவர் பேசியபோதுதான் வெளியேறினார். வாசிக்காததற்கு ஒரு காரணமும் வெளியேறியதற்கு வேறொரு காரணமும் இருந்த ஆண்டு இது. செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒன்றாக்கின.

2025 ஜனவரி 6: தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பின் தேசிய கீதம் இசைக்கப்படவில்லை என்று கூறி, உரையைத் தொடங்காமலேயே சில நிமிடங்களில் புறப்பட்டார். தேசிய கீதத்தைக் காரணமாகச் சொல்லும் கூற்று இந்த ஆண்டுக்கு நேரடியாகப் பொருந்தும். ஆனால் “தமிழ்நாடு சட்டப்பேரவையில் தேசிய கீதமே இசைக்கப்படுவதில்லை” என்று இதை நீட்டியவர்கள் பொய் சொன்னார்கள். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, நிறைவில் தேசிய கீதம் என்பது பேரவையின் மரபு. அன்றும் நிறைவில் இசைக்கப்பட்டது. ஆளுநர் கலந்துகொள்ளும் முறைசார்ந்த அரசு விழாக்களில் அவர் வரும்போதும் போகும்போதும் தேசிய கீதம் இசைப்பது குறித்து ஒன்றிய உள்துறையின் ஆணை ஒன்று உண்டு. பேரவை உரை அந்த வகைக்குள் வருமா, அவையின் மரபு மேலோங்குமா என்பது விளக்கம் சார்ந்த சச்சரவு. அதைச் சரி, தவறு என்று முத்திரை குத்தும் வேலையைச் சரிபார்ப்பவர் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். நடந்த வரிசையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆளுநர் மீதான தாக்குதல்கள் என்று சொல்லப்பட்டவற்றிலும் இதே கவனம் தேவை. 2022 ஏப்ரல் 19 அன்று தருமபுரம் ஆதீனத்துக்கு அவர் சென்றபோது மயிலாடுதுறையில் கறுப்புக் கொடிப் போராட்டம் நடந்தது. அவரது வாகனங்கள் மீது கற்கள் வீசப்பட்டன என்று எதிர்க்கட்சிகள் கூறின. வாகனங்கள் கடந்து சென்ற பிறகே கொடிகள் வீசப்பட்டன, ஆளுநர் மீது எதுவும் படவில்லை என்று காவல்துறையும் அரசும் கூறின. மறுபக்கம், 2023 அக்டோபர் 25 அன்று கிண்டி ஆளுநர் மாளிகையின் வாயிலருகே பெட்ரோல் குண்டு வீசப்பட்டது மறுக்க முடியாத உண்மை. அதைச் “சின்ன விஷயம்” என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள். அந்த வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்கே மாறியது. அதேவேளை, ஒரு கும்பல் உள்ளே நுழைய முயன்றது என்ற சித்திரத்தைச் சென்னைக் காவல்துறை வெளியிட்ட கண்காணிப்புக் கேமரா காட்சிகள் ஆதரிக்கவில்லை. அவற்றில் தெரிந்தது தனியாக நடந்து வந்த ஒருவர். ஒரு நிகழ்வு நடந்தது என்பதும், அது சொல்லப்பட்ட விதத்தில் நடந்தது என்பதும் தனித்தனியாக ஆதாரம் கேட்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

2024 அக்டோபர் 18 அன்று சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடத் திருநாடு வரும் வரி விடுபட்டதும் இத்தகையதே. வரி விடுபட்டதற்குக் காணொளி சாட்சி. ஆளுநர் அந்த மேடையில் இருந்தார். “ஆளுநர்தான் அதை நீக்கச் சொன்னார்” என்பதற்கு எந்த ஆவணமும் வெளிவரவில்லை. தூர்தர்ஷன் கவனக்குறைவு என்று கூறி மன்னிப்புக் கேட்டது. ஆளுநர் தமக்குப் பங்கில்லை என்றார். மேடையிலேயே அவர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கலாம் என்று நான் வருந்துகிறேன், அது என் கருத்து. அவர் உத்தரவிட்டார் என்று எழுதினால் அது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு.

அவரது பதவிக்காலத்தைப் பற்றிய கூற்றை விரைவாகவே முடிக்கலாம். 2019 ஆகஸ்ட் 1 அன்று நாகாலாந்து ஆளுநராகப் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஐந்தாண்டு எண்ணி, 2024க்குப் பின் அவர் இட்ட கையெழுத்து எதுவும் செல்லாது என்று ஒரு பதிவு சுற்றியது. 156ஆவது பிரிவின்படி, ஐந்தாண்டு முடிந்தாலும் அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை ஆளுநர் பதவியில் தொடர்வார். அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் யார் சரிபார்ப்பது என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. தமிழ்நாடு அரசு 2023 இறுதியில் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அரசின் திட்டங்கள், ஆணைகள், புள்ளிவிவரங்கள் குறித்துப் பரவும் போலிச் செய்திகளுக்கு அரசிடம் உள்ள ஆவணத்தை வைத்து அது பதில் சொல்வதில் பயன் உண்டு. ஆனால் அரசும் ஆளுநரும் வழக்காடும் இரு தரப்பினராக நின்ற காலத்தில், ஒரு தரப்பின் அமைப்பு மறுதரப்பைப் பற்றிய கூற்றுக்கு நடுவராக முடியாது. ஆளுநர் மாளிகை வெளியிடும் மறுப்பு அறிக்கைகளுக்கும் இதே அளவுகோல்தான். இரண்டையும் சாட்சியங்களாகப் படிக்கலாம், தீர்ப்பாகப் படிக்கக் கூடாது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் பொய் எது என்று தானே அறிவிக்கும் சரிபார்ப்புப் பிரிவை உருவாக்க வகைசெய்த விதியை, 2024 செப்டம்பர் 20 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கில் இரு நீதிபதிகள் மாறுபட்டதால், தீர்மானிக்கும் மூன்றாவது கருத்தை எழுதிய நீதிபதி ஏ.எஸ். சந்துர்கர், பின்னர் உச்ச நீதிமன்றத்தில் ஆளுநர் அதிகாரம் குறித்த ஐவர் அமர்விலும் இடம்பெற்றார்.

அந்த ஐவர் அமர்வு, குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் எழுப்பிய கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று தன் கருத்தைத் தெரிவித்தது. அன்று மாலையே இரண்டு வாக்கியங்கள் பரவத் தொடங்கின. “ஏப்ரல் தீர்ப்பு ரத்தானது, ஆளுநர் மசோதாவை எத்தனை காலமும் வைத்திருக்கலாம்” என்று ஒன்று. “ஆளுநருக்கு எதிரான தீர்ப்பு உறுதியானது” என்று மற்றொன்று. இரண்டும் தவறு. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் கூடாது என்று அமர்வு கூறியது. ஏப்ரல் தீர்ப்பின் மையமான இரண்டு நிலைப்பாடுகளிலிருந்து இது விலகுகிறது என்பதால் இரண்டாவது வாக்கியம் நிற்காது. முதல் வாக்கியம் நிற்காததற்கும் காரணம் அதே கருத்துரையில் இருக்கிறது. அமர்வு விசாரித்தது மேல்முறையீட்டை அன்று, குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளை. மேலும், ஆளுநருக்கு ஒப்புதல் அளிப்பது, குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது, ஒப்புதலை நிறுத்திவைத்துப் பேரவைக்குத் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்று வழிகளே உண்டு, திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் நான்காவது வழி இல்லை என்று அது சொல்கிறது. காரணம் சொல்லப்படாத நீண்ட செயலின்மை இருந்தால், மசோதாவின் தகுதிக்குள் போகாமல், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு நீதிமன்றம் வரம்புக்குட்பட்ட உத்தரவிடலாம் என்ற வரியும் அதில் உள்ளது. அன்று எனக்கு வந்த பதிவுகளில், ஆளுநரை ஆதரித்தவற்றிலும் எதிர்த்தவற்றிலும், இந்த ஒரு வரியை நான் காணவில்லை.